எதிர் வண்டி விளக்கு கண்ணைக் கூசுகிறதா?
நம் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நடுவே தடுப்பு இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. கிராஞ்சிப் பக்கம் நியோ தியூ சாலை மாதிரி இருட்டான இருவழிப் பாதையில் போகும்போதுதான் தெரியும், எதிரே வரும் எல்இடி விளக்கு எப்படி அடிக்கிறது என்று.

அப்போது விளக்கை நேராகப் பார்க்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். வண்டி கடந்ததும் கண் பழைய நிலைக்கு வரச் சில விநாடி பிடிக்கும், உடனே காலை அழுத்த வேண்டாம்.

பலர் கவனிக்காதது முன்கண்ணாடியின் உட்பக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் சூடாகி வெளிவிடும் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிகிறது. பகலில் தெரியாது. இரவில் ஒவ்வொரு விளக்கையும் அதுதான் பூதாகரமாக்கிக் காட்டும். நானும் ரொம்ப நாள் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்த ஆள்தான்! வாரம் ஒருமுறை மைக்ரோஃபைபர் துணியால் உள்ளேயும் துடையுங்கள்.

பின்னால் வரும் வெளிச்சத்துக்கு, உள்கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்பியைத் தட்டினால் போதும். இரவு ஓட்டத்துக்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடிக்குக் காசு செலவழிக்காதீர்கள், அது பார்வைக்கு வரும் ஒளியையும் சேர்த்துக் குறைத்துவிடும்.

அப்புறம், ஜொகூரில் சாமான் வாங்கிப் பின்பக்கத்தை நிரப்பினால் காரின் மூக்கு தூக்கி, நம் விளக்கே அடுத்தவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு இருந்தால் எண்ணைக் கூட்டுங்கள், ஒளி தாழும்.