கவுன்ட்டி நிர்வாகி தேர்தல்: நன்கொடைப் பட்டியலில் முகவரியைப் பாருங்கள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், மான்ட்கோமரி கவுன்ட்டி (மாவட்டம் போன்ற பகுதி) நிர்வாகி பதவிக்கு யாருக்கு ஓட்டுப் போடுவது என்று யோசிப்பவர்கள், மாநிலத் தேர்தல் வாரியத் தளத்தில் ஒவ்வொரு வேட்பாளரின் நன்கொடைப் பட்டியலையும் இறக்கி, தொகைப்படி இல்லாமல் முகவரிப்படி வரிசைப்படுத்துங்கள். ஒரே கட்டடத்தில், ஒரே அறை எண்ணில் நாலைந்து எல்எல்சி (LLC, வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) பெயர்கள் வரிசையாக வந்தால், அவை ஒரே கையிலிருந்து வந்த பணமா என்று துருவ வேண்டிய இடம் அது. பெயர் வேறு வேறாக இருப்பதால் தொகைப்படி பார்த்தால் இது கண்ணில் படாது. வரவுசெலவுத் திட்டத்தை முன்வைப்பதும் துறைத் தலைவர்களை நியமிப்பதும் நிர்வாகிதான் என்பதால், இப்படிப் பல பெயர்களில் வரக்கூடிய கட்டுமான நிறுவனங்களின் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பது பிரசாரத் துண்டறிக்கையைவிட அதிகம் சொல்லும்.

பிரசாரச் செலவுக்கு அரசுப் பணம் தரும் கவுன்ட்டியின் பொது நிதித் திட்டத்தில் சேர்ந்த வேட்பாளருக்கு இந்த வழி பயன்படாது; அவர் தனிநபர்களின் சிறு தொகை மட்டுமே வாங்க முடியும். சொந்தப் பணத்தைக் கொட்டுபவரின் பட்டியலிலிருந்தும் பெரிதாக எதுவும் தெரியவராது. கடைசி நாட்களில் வரும் பணம், ஓட்டுப்பதிவுக்கு முன் வேட்பாளர் தாக்கல் செய்யும் நன்கொடை அறிக்கையில் இருக்காது.

இதை, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு (பிரைமரி) முன்பே செய்துவிடுங்கள். 2022-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அந்தத் தேர்தலில் வெறும் 32 ஓட்டு வித்தியாசத்தில் முடிவானார். அந்தக் கட்சியில் பதிவு செய்யாதவர்கள் அதில் ஓட்டுப் போட முடியாது.