விசா 10 வருஷம், தங்குவதற்கு அனுமதி வேறு

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு இது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பி1/பி2 என்ற பார்வையாளர் விசா 10 வருஷம் செல்லும்தான். ஆனால் ஒரு தடவை போனால் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை இறங்கும் விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். பெரும்பாலும் 6 மாதம். அந்தக் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். போய்ச் சேர்ந்த வாரமே சிபிபி (அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை) இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து அதை எடுத்து, பிரிண்ட் போட்டு வையுங்கள். தேதி தப்பாக இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லிக் கேட்கலாம்.

அந்தத் தேதியை ஒரே ஒரு நாள் தாண்டினாலும் விசா தானாகவே செல்லாமல் போய்விடும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் குறைந்தது 3 வருஷத்துக்குத் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். பிரசவம் தள்ளிப்போகிறது, உடம்பு முடியவில்லை என்றால், தேதி முடிவதற்கு முன்பே ஐ-539 படிவம் போட்டு நீட்டிப்புக் கேளுங்கள்.

அப்புறம், தெரிந்தவர் கடையில் நாலு நாள் சம்பளத்துக்கு நிற்பதும் விதிமீறல்தான். குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானால், வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே விசாவை ரத்து செய்யலாம். விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். ரத்துத் தகவல் அதற்கு வரலாம்.