கவுன்சிலிங்குக்குப் போகும்முன் ஒரு தாள் எழுதிக்கொள்ளுங்கள்

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீடு வேலூர் சத்துவாச்சாரி. எனக்கு ஆட்டிசம், அதாவது பிறவியிலேயே மூளை வேறு விதமாக வேலை செய்யும் நிலை, என்று தெரியவந்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். நம்மைப் போன்றவர்கள் கவுன்சிலிங்குக்குப் போவது எப்படி என்று ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்தெல்லாம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிப்போகும் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆட்டிசத்தைப் போக்கக் கவுன்சிலிங் கிடையாது. போக்கிக் காட்டுகிறேன் என்று பணம் கேட்பவரிடம் உட்காராதீர்கள். தூக்கம் வராதது, பதற்றம், மனச்சோர்வு, வேண்டியவரை இழந்த துக்கம், நாள் முழுக்க மற்றவர்களைப் போல நடந்துகாட்டியதால் வரும் அசதி, இவற்றுக்காகத்தான் போகிறோம். “கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாப் போயிடும்” என்று சொந்தக்காரர்கள் நெருக்குவதையும் அங்கே தாராளமாகப் பேசலாம்.

இனி அந்தத் தாள். “இப்ப மனசுல என்ன தோணுது?” என்று கேட்டால் எனக்குப் பதில் வராது. உணர்வு இருக்கிறது, அது இன்னதென்று சொல்லத்தான் வராது. ஆட்டிசம் உள்ள பலருக்கும் இது உண்டு, அலெக்சிதைமியா என்பார்கள். ஆனால் நடந்ததையும் உடம்பு பட்டதையும் எழுத முடியும். என் தாளில் இப்படி இருக்கும்: “செவ்வாய். ஆடிட்டர் வந்தார். முன்னாடியே சொல்லாமல் என் மேஜையை மாற்றினார்கள். மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை. தாடை இறுகிக் கிடந்தது. வீட்டுக்கு வந்தபின் பேச்சு வரவில்லை. இருட்டில் படுத்திருந்தேன்.” என்ன நடந்தது, என்ன சத்தம், என்ன வெளிச்சம், என்ன வாசனை, உடம்பு என்ன செய்தது, தெளிய எவ்வளவு நேரமானது என்று எழுதினால் போதும். இப்படிச் சில நாட்களை எழுதிக் கொண்டுபோனால் கவுன்சிலருக்குப் பிடி கிடைத்துவிடும்.

அதே தாளின் பின்பக்கம் அவருக்கு ஒரு கடிதம். நான் எழுதியதைத் தருகிறேன், வேண்டிய மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

“எனக்கு ஆட்டிசம் உண்டு. உங்கள் கண்ணைப் பார்க்காமல் பேசினாலும் கவனித்துக்கொண்டுதான் இருப்பேன். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். இடையில் கேள்வியை மாற்றினால் நான் முதலிலிருந்து யோசிக்க வேண்டும். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லுங்கள். டியூப்லைட்டை அணைக்க முடிந்தால் அணையுங்கள். பேச்சு நின்றுபோனால் எழுதிக் காட்டுவேன். தோளில் தட்டிக்கொடுக்க வேண்டாம். கடைசியில், இன்று பேசியதை நாலு வரி எழுதித் தாருங்கள்.”

இதைக் கேட்கத் தயங்காதீர்கள். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்காக 2012-இல் வெளியிட்ட வழிகாட்டியும் கவுன்சிலர்களிடம் இதைத்தான் சொல்கிறது: எழுதியும் படம் காட்டியும் விளக்குங்கள், எளிமையாகப் பேசுங்கள், இடைவேளை விடுங்கள், அவருக்குப் பிடித்த விஷயத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவாருங்கள். எனக்குப் பிடித்தது மழைக் கணக்கு. பாலாற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பரின் மழை அளவுகள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன. அதைப் பார்த்த என் கவுன்சிலர், பதற்றத்தை மில்லிமீட்டரில் சொல்லச் சொன்னார். வானிலைத் துறைக் கணக்குப்படி ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் பெய்தாலே கனமழை. “இன்னைக்கு எழுபது” என்றால் அவருக்கு விளங்கிவிடும். “எப்படி இருக்கு?” என்ற கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது அப்போதுதான். அதற்கு முன்பு பார்த்த ஒருவர், கண்ணைப் பார்த்துப் பேசினால்தான் மேலே பேசுவேன் என்றார். அப்படிப்பட்டவரை விட்டு வேறொருவரைத் தேடலாம், அதில் தவறே இல்லை.

எங்கே போவது? வேலூர்ப் பக்கம் என்றால், பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு உண்டு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் சந்திப்புக்கு முன்னால் ஒருமுறை சும்மா போய் கேட், வரிசை, உட்காரும் இடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். காட்பாடி–பாகாயம் டவுன் பஸ்ஸில் காலைக் கூட்டம் தாங்காது என்றால் சீக்கிரமே கிளம்புங்கள். காதுக்கு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பேசிவிட்டு வந்தபின் அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள்.

முதல் நாளே கேட்க வேண்டியது: “நான் சொல்றத எங்க வீட்ல சொல்வீங்களா?” 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நம் விவரங்களை ரகசியமாக வைக்கக் கேட்பது நம் உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு.

இனி வீட்டாருக்கு. மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் கட்டுப்பாடு மீறி வெடித்துவிடும் நிலை, வரும்போது அடம் பிடிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், அது அவர்கள் கையில் இல்லை. முன்பெல்லாம் அம்மா “இன்னாடி ஆச்சு, சொல்லேண்டி” என்று கேட்டுக்கொண்டே இருப்பார், ஒவ்வொரு கேள்வியும் எனக்கு இன்னும் ஒரு சத்தம். இப்போது டி.வி.யை அணைப்பார், வந்திருக்கும் சொந்தக்காரர்களை வெளியே கூட்டிப்போவார், கதவருகே ஒரு சொம்பு தண்ணீர் வைப்பார், “நான் கூடத்துல இருக்கேன்” என்று ஒரே ஒரு தடவை சொல்வார். மறுநாள் வரை எதையும் கேட்கமாட்டார். தலையை மோதிக்கொள்பவராக இருந்தால் இடையில் தலையணையை வையுங்கள், கூர்மையான பொருளை அப்புறப்படுத்துங்கள், முடிந்தவரை கையைப் பிடித்து அடக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, எங்களிடம் மட்டும் இல்லை.

இதை மட்டும் மறக்காமல் படியுங்கள். “செத்துடலாம்னு இருக்கு” என்பதை எங்களில் சிலர் கடைக் கணக்கு ஒப்பிக்கும் குரலில், அழாமல் சொல்லுவோம். குரலை வைத்து எடை போடாதீர்கள். “உயிரை விட்டுடலாம்னு யோசிக்கிறியா? எப்படின்னும் யோசிச்சியா?” என்று நேராகக் கேளுங்கள். தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை. போனில் பேச வராதவர்கள் சொல்ல வேண்டிய இரண்டு வரியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பார்த்து வாசிக்கலாம்.

இன்னொன்று. மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சியில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பழகிய ஒருவர் திடீரென்று இல்லாமல் போவது நமக்குப் பெரிய அடி. ஆகவே தொடக்கத்திலேயே, எத்தனை மாதம் இருப்பீர்கள் என்று கேளுங்கள். போகிற நாள் தெரிந்ததும், புதிதாக வருபவரோடு ஒருமுறை மூவருமாக உட்கார வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்றைப் புதியவரிடம் கொடுத்துவிடுங்கள்.