பழைய கௌபாய் காமிக்ஸ் வாங்குகிறீர்களா? முதலில் தாளை எண்ணுங்கள்

நியூ ஜெர்சியில் ஆறு வருடம் இருந்தேன். திரும்பி வரும்போது நாலு பெட்டி காமிக்ஸும் கூடவே சென்னைக்கு வந்தன. எல்லாமே 1940களிலிருந்து 1970கள் வரை வந்த அமெரிக்கக் கௌபாய் கதைகள். சிவகாசியிலிருந்து வந்த டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தவன் நான். டெக்ஸ் இத்தாலியில் பிறந்தவர், டைகர் பிரான்ஸில் பிறந்தவர். அமெரிக்கர்கள் தங்கள் சொந்த மண்ணின் கதையை எப்படி வரைந்தார்கள் என்று பார்க்கும் ஆசையில்தான் இதில் இறங்கினேன்.

இது புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு. இபேயில் கணக்கு திறப்பது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: எதில் தொடங்குவது

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டெல் என்ற அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனத்தின் 'லோன் ரேஞ்சர்'. 1948 முதல் 1962 வரை 145 இதழ்கள். டாம் கில் நீண்ட காலம் வரைந்தார். குதிரை பாய்வதை அவர் வரைந்திருக்கும் விதத்துக்காகவே வாங்கலாம். 1950களின் நடுப்பகுதி இதழ்கள், ஓரம் மடங்கி, அட்டை கசங்கி இருந்தால், இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. அப்புறம், சினிமாக் கௌபாய் ராய் ராஜர்ஸின் பெயரில் புகைப்பட அட்டையோடு வந்த 'ராய் ராஜர்ஸ்'. பின்னாளில் மார்வெலில் பெரும் புகழ் பெற்ற ஜான் புசேமா 1950களின் நடுவில் அதில் வரைந்திருக்கிறார். அலெக்ஸ் டோத் வரைந்த 'ஸோரோ' 1950களின் இறுதியில் வந்தது. கறுப்பு மையை அவர் பயன்படுத்தியிருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது.

டெல் இதழ்களில் பொதுவாக ஓவியர் பெயர் இருக்காது. யார் வரைந்தது என்று அறிய கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ் தளத்தில் இதழ் எண்ணைத் தேடுங்கள், இலவசம்தான்.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். 'வெஸ்டர்ன்' என்று போட்டால் டொனால்ட் டக் வந்து நிற்கும். விஸ்கான்ஸின் மாநிலம் ரஸீன் நகரில் இருந்த வெஸ்டர்ன் பிரின்டிங் என்ற நிறுவனம்தான் டெல்லுக்காகக் காமிக்ஸ்களைத் தயாரித்து அச்சிட்டது. அந்தப் பெயருக்கும் கௌபாய்க்கும் சம்பந்தமில்லை. அதனால் கதாநாயகன் பெயரைப் போட்டே தேடுங்கள்.

படி 2: எந்த வருடத்து இதழ்

அட்டைக்கு உள்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ எறும்பு ஊர்வது போலச் சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். பதிப்பாளர், மாதம், வருடம் எல்லாம் அதில்தான். அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

1962இல் டெல்லும் வெஸ்டர்னும் பிரிந்தபின் வெஸ்டர்ன் தானே தொடங்கியது 'கோல்ட் கீ'. இதன் அட்டையில் ஒரு நீண்ட எண் இருக்கும். அதன் கடைசி மூன்று இலக்கங்கள்தான் தேதி: முதல் இலக்கம் வருடம், அடுத்த இரண்டும் மாதம். 607 என்றால் ஆறாம் வருடம் ஜூலை.

(பின்சேர்க்கை: "ஆறாம் வருடம் என்றால் 1966ஆ, 1976ஆ?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. விலையைப் பாருங்கள். 12 சென்ட் என்றால் 1966. 25 அல்லது 30 சென்ட் என்றால் 1976.)

கோல்ட் கீ 1964இல் தொடங்கிய 'லோன் ரேஞ்சர்' பெரும்பாலும் டெல் காலத்துக் கதைகளின் மறுபதிப்பு. படிக்க மட்டும் வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

படி 3: தாளை எண்ணுவது

இந்தப் பதிவே இதற்காகத்தான். நான் வாங்கிய முதல் லோன் ரேஞ்சர் தபாலில் வந்தது. விற்றவர் 'முழுமையான பிரதி' என்று எழுதியிருந்தார், அட்டைப் படம் பளபளவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து படிக்கிறேன். ஒரு பக்கத்தில் லோன் ரேஞ்சர் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறார். பக்கத்தைத் திருப்பினால் கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறார். நடுவில் என்ன நடந்தது என்றே தெரியவில்லை. சரி, கதை சொல்லும் பாணி போல என்று நினைத்துத் தொடர்ந்தேன். பின்னால் வரும் 'யங் ஹாக்' கதையிலும் அதே மாதிரி ஒரு தாவல். அப்போதுதான் உறைத்தது. ஒரு தாள் இல்லை. எண்ணிப் பார்த்தால் 9, 10, 23, 24 ஆகிய நான்கு பக்கங்களும் போயிருந்தன.

ஏன் இரண்டு இடத்தில் போகிறது? இந்த இதழ்கள் தைக்கப்படுவதில்லை. முழுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்து, முதுகில் இரண்டு ஸ்டேப்ளர் பின் குத்துகிறார்கள். ஒரு முழுத் தாளில் நான்கு பக்கம்: முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு. ஒரு தாள் கழன்று விழுந்தால் கதை இரண்டு இடத்தில் அறுபடும். வெளியிலிருந்து பார்த்தால் பின் உறுதியாக இருக்கும், அட்டை நேராக இருக்கும், ஒன்றும் தெரியாது.

1950களின் நடுவில் வந்த 10 சென்ட் இதழ் என்றால் அட்டை நீங்கலாக 32 பக்கம், அதாவது எட்டு முழுத் தாள். இப்படிச் செய்யுங்கள்:

1. இதழை மேசைமேல் வைத்து நடுப்பக்கத்தைத் திறங்கள். பின்னின் வளைந்த முனைகள் தெரியும் இடம்தான் நடு.
2. அங்கிருந்து இடப்பக்கம் எத்தனை தாள் என்று மேல் ஓரத்தில் விரல் நுனியால் எண்ணுங்கள். அட்டையைச் சேர்க்காதீர்கள். எட்டு வரவேண்டும்.
3. வலப்பக்கமும் எட்டு வரவேண்டும்.

எட்டும் எட்டும் என்றால் கவலையில்லை. எட்டும் ஏழும் என்றால் யாரோ ஒரு பாதித் தாளைக் கிழித்திருக்கிறார்கள். பரிசுப் போட்டிக் கூப்பனுக்காகக் கிழித்த பிள்ளைகள் அந்தக் காலத்தில் ஏராளம். இரண்டு பக்கமும் ஏழு என்றால்தான் ஆபத்து, ஒரு முழுத் தாளே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை வருவதால் 'சரியாக இருக்கிறது' என்று மனசு சொல்லும். ஏமாறாதீர்கள்.

எந்தப் பக்கங்கள் இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு. ஒரே தாளில் எதிரெதிரே வரும் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் 33 வரும். 9க்கு ஜோடி 24. 10க்கு ஜோடி 23. ஆகவே ஏழாம் பக்கம் இல்லையென்றால் 26ஆம் பக்கத்தையும் பாருங்கள். 1940களின் தடிமனான இதழ்கள் அட்டையோடு 68 பக்கம், அப்புறம் வந்தவை 52. அவற்றுக்கு ஒவ்வொரு புறமும் 16 தாள், 12 தாள் என்று வரும். கூட்டுத்தொகை 65, 49.

நேரில் வாங்கினால் அங்கேயே எண்ணுங்கள், எந்த நல்ல கடைக்காரரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். இணையத்தில் என்றால் மூன்று படம் கேளுங்கள்: நடுப்பக்கம் பின்னோடு, முதல் பக்கம், பின்னட்டை. கூடவே "இருபுறமும் எத்தனை தாள்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று. நடுத்தாள்தான் முதலில் கழன்று விழும். சிலர் வேறொரு கிழிந்த பிரதியிலிருந்து நடுத்தாளை எடுத்துச் செருகிவிடுவார்கள். தாளின் நிறம் பக்கத்துத் தாளைவிட வெளுத்தோ கறுத்தோ இருந்தால், பின் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு காலி ஓட்டை இருந்தால், அது செருகியதாக இருக்கலாம். படிப்பதற்கு அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அதை மறைத்து முழு விலை கேட்பது நியாயமில்லை.

அட்டையின் மேல்பகுதி, தலைப்போடு சேர்த்து, வெட்டப்பட்ட இதழ்களும் கண்ணில் படும். விற்காத பிரதிகளுக்குப் பணம் திரும்பப் பெற, கடைக்காரர்கள் முழு இதழுக்குப் பதிலாக அந்தத் துண்டை மட்டும் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. உள்ளே எல்லாத் தாளும் இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். அப்படி வாங்கிய நாலைந்துதான் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பவை.

படி 4: தாளின் ஆயுள்

மலிவான செய்தித்தாள் காகிதம் இது. மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பழுப்பாகும். பழுப்பு பரவாயில்லை, உடைவதுதான் பிரச்சினை. உறையின் அடியில் பொரித்தூள் மாதிரி காகிதத் துகள் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

படி 5: உறை, அட்டை, பெட்டி

பிவிசி உறை வேண்டவே வேண்டாம். லேமினேஷன் செய்வது கொலை. செல்லோ டேப்பைக் கிழிசல் பக்கம் கொண்டு போகாதீர்கள், பத்து வருடத்தில் அந்த இடம் தேன் நிறத்தில் கறையாகிவிடும். சாதாரணப் பிரதிகளுக்குப் பாலிப்ரொப்பிலீன் உறையும் பின்னால் அமிலமற்ற அட்டையும் போதும். உயிருக்குயிரான பத்துப் பிரதிகளுக்கு மட்டும் மைலார் என்ற பாலியஸ்டர் உறை, விலை அதிகம் என்றாலும். உறை வாங்குமுன் ஸ்கேல் வைத்து இதழின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள், அந்தக் கால இதழ்கள் இன்றைய காமிக்ஸைவிட அகலம்.

சென்னையில் இருப்பவர்களுக்குத் தனியாக: லாஃப்டில் வைக்காதீர்கள், மொட்டை மாடிச் சூடு நேரே இறங்கும். மழை இறங்கும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். பெட்டிக்குள் இதழ்களை நிறுத்தி வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. ஐப்பசி பிறப்பதற்குள் அதை மாற்றிவிடுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள், அந்த நெடி தாளில் ஏறினால் போகாது. ஓலைச்சுவடிக்கு வைப்பது போல வசம்பைத் துணியில் முடிந்து பீரோ மூலையில் வைத்திருக்கிறேன். இதுவரை பூச்சி இல்லை.

படி 6: படியுங்கள்

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு படியுங்கள், கையுறை தேவையில்லை. இதழை முழுக்க விரிக்காமல் பாதி திறந்த நிலையில் பிடியுங்கள். நடுவில் படமே இல்லாமல் இரண்டு பக்கம் வெறும் எழுத்துக் கதை வரும். அந்தக் காலத் தபால் விதிப்படி, குறைந்த கட்டணத்தில் அனுப்ப எழுத்துப் பக்கங்கள் தேவைப்பட்டதால் வந்த வழக்கம் அது. தாண்டிப் போகாதீர்கள், சில நன்றாகவே இருக்கும்.

பின்சேர்க்கை 2: போன வாரம் ஒரு தோழி எழுதியிருந்தார். உறையிலிருந்து இதழை உருவும்போது, மடிப்பில் ஒட்டியிருந்த டேப் அட்டையில் பட்டு, ராய் ராஜர்ஸின் தொப்பியில் ஒரு துண்டு உரிந்து வந்துவிட்டதாம். படித்தபோது எனக்கே வலித்தது. மூலப் பதிவில் இதை நான் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். டேப்பை வெறுமனே தூக்கி விட்டுவிட்டு உருவாதீர்கள். முழுவதுமாகப் பிரித்தெடுத்து மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, அதற்கப்புறம் இதழை வெளியே எடுங்கள். திரும்ப உள்ளே வைக்கும்போதும் இதே வரிசைதான்: முதலில் இதழ், பிறகு மடிப்பு, கடைசியில் டேப்.