சினைப்பைப் புற்றுநோய்: படித்ததை நம்பலாமா என்று பார்ப்பது எப்படி?

"வருடத்துக்கு ஒருமுறை சிஏ 125 ரத்தப் பரிசோதனை செய்தால் சினைப்பைப் புற்றுநோயிலிருந்து தப்பிக்கலாம்." இப்படி ஒரு வரி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். சிஏ 125 என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம்; சினைப்பைப் புற்றுநோய் வந்தால் இதன் அளவு கூடலாம். இந்த வரியையே எடுத்துக்கொண்டு சரிபார்க்கலாம்.

1. எந்த உறுப்பு என்று பாருங்கள். கருப்பை வாய், கருப்பை, சினைப்பை மூன்றும் வேறு வேறு. பாப் ஸ்மியர் என்ற செல் பரிசோதனை கருப்பை வாய்க்கானது. அது நார்மல் என்றால் சினைப்பையும் நார்மல் என்று அர்த்தமில்லை.

2. யாருக்குச் சொல்கிறார்கள்? எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கா, வயிறு உப்பி அவதிப்படுபவருக்கா? பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

3. "சீக்கிரம் கண்டுபிடித்தோம்" என்பதோடு நிற்காமல், "இறப்பு குறைந்ததா?" என்று தேடுங்கள். இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. வருடாவருடம் சிஏ 125 பார்த்த குழுவில் நோய் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்டது கூடியது. ஆனால் 2021-ல் வந்த இறுதி முடிவில், அந்தக் குழுவில் இறப்பு குறையவில்லை. படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது.

4. பரிசோதனையால் வரும் பாதிப்பையும் கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), ஃபைப்ராய்டு (கருப்பையில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டி), ஏன், மாதவிடாய் நாளில்கூட சிஏ 125 ஏறும். 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், புற்றுநோய் இல்லாத 3,285 பெண்களுக்குப் பரிசோதனை தவறாகச் சந்தேகம் காட்டியது. அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சைவரை போனார்கள். 163 பேருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. நோயே இல்லாதவர்கள் இவர்கள்!

5. அப்புறம், வழிகாட்டுதலைத் திறந்து ஆண்டைப் பாருங்கள். அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-ல், அறிகுறியும் பரம்பரை ஆபத்தும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றது. அறிகுறி இருந்தால் கதையே வேறு. வயிற்று உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்புவது, அடிவயிற்று வலி, அவசரமாகவோ அடிக்கடியோ சிறுநீர் வருவது இவை விடாமல் இருந்தால், முக்கியமாக 50 வயதைத் தாண்டியவருக்கு மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால், சிஏ 125 பார்க்கச் சொல்கிறது பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2011-ல் தந்த வழிகாட்டுதல். அளவு 35 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்தது ஸ்கேன். 35-க்குக் கீழே இருந்தும் தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள்.

சரி, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ சினைப்பை அல்லது மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறதா? அப்படியென்றால் மேலே சொன்ன "வேண்டாம்" உங்களுக்கானது அல்ல. பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை (இந்தப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும் பரம்பரை மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) தேவையா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். போகும்போது யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அப்பா வழி உறவுகளையும் விடாமல்.