ஒரே படம், ஆளுக்கொரு கதை: யாருடைய சொல்லைக் கேட்பது?

சூப்பர் ஹீரோ படம் பார்த்து வந்த ஒருவர் "திறம்" என்கிறார், மற்றவர் "சரியான இழுவை" என்கிறார். முதலில் இதைக் கேளுங்கள்: "முந்தின பாகம் பார்த்தனியளோ?"

2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 181 நிமிடம். 2018இல் வந்த 'இன்ஃபினிட்டி வோர்' விட்ட இடத்திலிருந்து தொடரும் கதை. அதைப் பார்க்காதவருக்கு முதல் ஒரு மணித்தியாலம் வெறும் பேச்சு. பார்த்தவருக்கோ அது செத்தவீட்டுத் துயரம். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்து, எப்படிப் பார்த்தார் என்று விசாரியுங்கள். முப்பரிமாணக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும். புரொஜெக்டர் மங்கலென்றால் இரவுச் சண்டைகள் கரிக்கட்டைதான். முன்வரிசையில் இருந்தவருக்கு வேகமான காட்சிகளில் தலை சுற்றும். தமிழ் மொழிமாற்றமா, ஆங்கிலமா என்பதும் முக்கியம், நகைச்சுவை அங்கேதான் தப்பும் அல்லது சாகும்.

யாழ்ப்பாண நகரில் இரவுக் காட்சி பார்த்துவிட்டுப் பருத்தித்துறைப் பக்கம் திரும்பவேண்டியவர் பஸ்ஸை நினைத்தபடியே இருந்திருப்பார். அவருடைய "இழுவை"யில் பாதியைக் கழியுங்கள்.

"நல்லமோ?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை. "எந்தக் காட்சியில் அலுத்தது?" என்று கேளுங்கள். சண்டையில் அலுத்தவரும் உரையாடலில் அலுத்தவரும் வேறு வேறு ரசிகர்கள். உங்கள் ரசனைக்குக் கிட்ட நிற்பவரை நம்பி டிக்கெட் எடுங்கள். முடிவை மட்டும் சொல்லவிடாதீர்கள்.