மெடிகேர்: பிளானைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

என் கணவர் 2022 ஜூனில் வேலையை விட்டபோது அவருக்கு 67 வயது. கம்பெனி இன்சூரன்ஸையே கோப்ரா (வேலையை விட்டவர் தாமே பணம் கட்டி அந்த இன்சூரன்ஸைத் தொடரும் ஏற்பாடு) மூலம் இன்னும் 18 மாதம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கையில்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே, 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவ இன்சூரன்ஸான மெடிகேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். அங்கேதான் தவறினோம். வேலையில் இருக்கும்போது கிடைக்கும் இன்சூரன்ஸைத்தான் மெடிகேர் கணக்கில் எடுக்கும். கோப்ரா அதில் சேராது. வேலை நின்ற எட்டு மாதத்துக்குள் அவர் மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-யில் சேர்ந்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில்தான் சேர முடிந்தது, பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. கோப்ராவோ டிசம்பரோடு முடிந்திருந்தது. இதய மாத்திரை சாப்பிடுகிற மனிதர், ஒரு மாதம் முழுக்க டாக்டரிடம் போக இன்சூரன்ஸ் இல்லாமல் இருந்தார். அந்த 31 நாளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. தாமதத்துக்காகப் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடுதலாக, அவர் இருக்கும்வரை கட்ட வேண்டும். தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் ஒரு 10 சதவீதம் ஏறும்.

அதனால் 65-ஐ நெருங்குகிறவர்களிடம் நான் முதலில் பிறந்த மாதத்தைத்தான் கேட்பேன். 65 வயதாகும் அந்த மாதம், அதற்கு முந்தைய மூன்று, பிந்தைய மூன்று, ஆக ஏழு மாதங்கள் சேருவதற்கான காலம். முந்தைய மூன்று மாதத்திலேயே சோஷியல் செக்யூரிட்டியில் (அரசின் ஓய்வூதிய அலுவலகம்) விண்ணப்பித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் தொடங்குவதும் தள்ளிப்போகும். இன்னும் வேலை செய்கிறீர்களா? அல்லது வேலையில் இருக்கும் துணையின் இன்சூரன்ஸில் இருக்கிறீர்களா? அந்தக் கம்பெனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். 20-க்குக் கீழே என்றால் மெடிகேர்தான் முதலில் பணம் கட்ட வேண்டும் என்பது விதி, அங்கே தள்ளிப்போடாதீர்கள்.

இனி பெயர்கள். பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு. பத்து வருடம், அதாவது 40 காலாண்டு, வரி கட்டி வேலை பார்த்தவருக்கும் அவருடைய துணைக்கும் பிரீமியம் இல்லை. பார்ட் பி டாக்டர், பரிசோதனை போன்றவற்றுக்கு. 2026-இல் மாதம் 202.90 டாலர், வருமானம் அதிகமென்றால் இன்னும் கூடும். பார்ட் டி மாத்திரைகளுக்கு. இப்போது மாத்திரையே சாப்பிடாவிட்டாலும் குறைந்த பிரீமியத்தில் ஒரு பார்ட் டி எடுத்துவையுங்கள், அதற்கும் தாமதக் கட்டணம் உண்டு.

உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் அடுத்ததுதான். பார்ட் பி-யில் டிடக்டிபிள், அதாவது வருடத் தொடக்கத்தில் நாமே கட்டும் தொகை, போக மீதிச் செலவில் 20 சதவீதம் நம் தலையில் விழும், அதற்கு உச்சவரம்பே கிடையாது. இதைச் சமாளிக்க இரண்டு வழி. ஒன்று, தனியார் கம்பெனிகள் விற்கும் மெடிகேப் என்ற துணை இன்சூரன்ஸ் வாங்கி அந்த ஓட்டையை அடைப்பது: மாதாமாதம் பிரீமியம் கூடுதல், ஆனால் மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். இன்னொன்று, மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகவே பெறும் அட்வான்டேஜ் பிளான்: பிரீமியம் குறைவு, பெரும்பாலும் பல், கண் சிகிச்சையும் சேர்ந்திருக்கும், வருடத்துக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு, ஆனால் பெரும்பாலும் நெட்வொர்க்குக்குள், அதாவது அந்த பிளானின் டாக்டர் பட்டியலுக்குள், இருக்க வேண்டும், பல சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும்.

பலர் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, பிறகு மாற முடியுமா என்பது. 65-க்குப் பின் பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் மெடிகேப் கம்பெனிகள் உங்கள் நோயைக் கேட்டு மறுக்க முடியாது. அந்தக் காலம் போனால் நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் மறுக்கலாம். 65-இல் முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு முதல் 12 மாதத்துக்குள் அதை விட்டு மெடிகேப்புக்கு வர ஒரு வாய்ப்பு உண்டு. சர்க்கரையோ இதய நோயோ உள்ள குடும்பம் என்றால் அந்த ஆறு மாதத்தைக் கைவிடாதீர்கள்.

அம்மா அப்பாவை கிரீன் கார்டில் அழைத்து வந்தவர்களுக்கு: 65 வயதைத் தாண்டியிருந்தாலும், தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே வசித்த பிறகுதான் அவர்கள் மெடிகேரை விலைக்கு வாங்க முடியும். பார்ட் ஏ-க்கு மட்டும் மாதம் 500 டாலருக்கு மேல் ஆகும். பார்ட் பி மட்டும் வாங்கவும் விதி இடம் தருகிறது. அந்த ஐந்து வருடத்துக்கு வேறு இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகலாம்.

ஊர் என்றதும் இன்னொன்று. சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மெடிகேர் பணம் தராது. மெடிகேப்பில் G, N என்ற எழுத்துகளால் அழைக்கப்படும் பிளான்கள் போன்ற சிலவற்றில் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசர சிகிச்சைக்கு, 250 டாலர் நாம் கட்டிய பின் 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 50,000 டாலர்தான். குளிர்காலம் முழுக்க ஊரில் இருப்பவர்கள் பயண இன்சூரன்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனை மையம் இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. நான் மாத்திரை டப்பாக்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் பார்த்து எந்த பார்ட் டி-யில் செலவு குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மாத்திரை மாறினால், பிளானை மாற்றும் காலமான அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைக்குள் மறுபடி பையோடு போங்கள். ஓய்வு பெற்று வருமானம் குறைந்தும் பழைய வருமானத்தை வைத்துக் கூடுதல் பிரீமியம் கேட்டால், சோஷியல் செக்யூரிட்டியின் எஸ்எஸ்ஏ-44 படிவத்தையும் அவர்களிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.